ஹார்ட் டிஸ்க்கில் வந்த வகுப்பறை

பெரம்பலூர் நகரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. கிழக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி, அரியலூர் வழியாக விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் போகிறது. பெரம்பலூர்க்காரர்களுக்கு எல்லாமே நெடுஞ்சாலைதான். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் லாரியில் போகும். வேண்டியது பஸ்ஸில் வரும். இன்று ஆன்லைன் வகுப்பு என்று சொல்கிறோமே, அதுவும் இந்த மாதிரி ஊர்களுக்கு முதலில் கம்பி வழியாக ஒழுங்காக வந்து சேரவில்லை. சிடியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் பென்டிரைவிலும், யாரோ ஒருவருடைய பையில்தான் வந்தது.

இந்த மாவட்டத்துக்கும் இந்திய இணையத்துக்கும் ஒரே வயது. திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது 1995-இல். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. பெருநகரங்களில்தான் ஆரம்பம், சென்னையும் அதில் ஒன்று. மலிவான கணக்கு வாங்கியவர்களுக்குத் திரையில் படம் வராது, எழுத்து மட்டுமே வரும். அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனியானது. இந்தப் பிரிவினைகளுக்கு நடுவில்தான் கடைத்தெரு மாடிகளில் பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. பிளைவுட் தடுப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, மணிக்கணக்கில் கட்டணம். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் அங்கே நிற்க இடமிருக்காது. பாடம் படிக்க அங்கே போனவர் மிகச் சிலர்.

உலகத்தின் மறுபக்கத்தில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவரை பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கணினிப் பயிற்சியை சிடியில்தான் கொடுத்தன. பாடத்தில் ஒரு வரி மாறினாலும் புது சிடி அடித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்ப வேண்டும். பாடத்தை இணையத்தில் ஏற்றிவிட்டால், ஓரிடத்தில் திருத்தினால் போதும், எல்லாரும் புதியதைப் பார்ப்பார்கள். இணையவழிப் பயிற்சி என்ற துறை வளர்ந்ததற்கு இந்தச் சிக்கனம் முக்கியக் காரணம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரே கோல்ட்பெர்க் 1995-96-இல் உருவாக்கிய வெப்சிடி, ஆசிரியர்கள் தாங்களே இணையத்தில் பாடம் அமைக்க வழி செய்தது. இந்தியாவில் என்ஐஐடி 1996-இல் நெட்வார்சிட்டி தொடங்கியது. 2002-இல் ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் மூடில் மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். அந்தக் காலத்துப் பாடங்கள் பெரும்பாலும் எழுத்துதான்: நாலு பக்கம் படிக்க வேண்டும், ஒரு வரைபடம் மெதுவாக மேலிருந்து கீழாகத் தெரியும், கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பத்துக் கேள்வி.

அதற்குக் காரணம் கற்பனைப் பஞ்சம் இல்லை, மோடம். ஒரு மணி நேர வகுப்பின் வீடியோ 200 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 56 கிலோபிட் மோடத்தில், முழு வேகத்தில், லைன் ஒரு முறைகூட அறுந்துபோகாமல் இறக்கினாலும் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடிக்கும். நம் ஊர் லைனில் முழு வேகமும் கிடையாது, அறாமல் இருந்ததும் கிடையாது.

தமிழில் இதற்கென்று நடந்த முதல் பெருமுயற்சி சென்னையில் தொடங்கியது. 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் முதலமைச்சர் மு. கருணாநிதி அறிவித்த தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கியது. அதை வடிவமைத்ததில் முனைவர் வா.செ. குழந்தைசாமியின் பங்கு பெரியது. மழலைக் கல்வி முதல் தமிழியல் பட்டப்படிப்பு வரை இணையத்திலேயே பாடம். மனத்தில் வைத்திருந்த மாணவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள். ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ இருக்கிற பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் இருந்தது என்பது அதற்கு நியாயம். ஆனாலும் அந்தத் தளத்தை நம் ஊர் பிரௌசிங் சென்டரில் திறந்தவர்களுக்கு வேறொரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு தமிழ்த் தளமும் வெவ்வேறு எழுத்துருக் குறியீட்டில் இருந்த காலம் அது. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொன்று. உரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திரையில் கேள்விக்குறிகளும் புரியாத கிறுக்கல்களும்தான் தெரியும். யூனிகோட் பரவிய பிறகே இந்தக் கட்டு அவிழ்ந்தது. அந்தப் பல்கலைக்கழகம் பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆனது. அதன் மின்நூலகம் இன்று உள்ளூர் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் சொந்த நூலகம் மாதிரி ஆகிவிட்டது.

கல்லூரிகளில் கதை வேறு மாதிரி போனது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பெரம்பலூரைச் சுற்றி இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் பொறியியல் கல்லூரிகள் அடுத்தடுத்து எழுந்தன. கட்டடம் கட்டுவது எளிது. பாடம் நடத்தத் தேர்ந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. பல இடங்களில் நேற்று படித்து முடித்தவரே இன்று நடத்துவார். இந்தக் குறை நாடு முழுக்க இருந்தது. இதை நினைத்துத்தான் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. அதற்கான யோசனை 1999-லேயே பிறந்துவிட்டது. ஒருங்கிணைத்து நடத்தியது சென்னை ஐஐடி. அப்போது அதன் இயக்குநராக இருந்த எம்.எஸ். ஆனந்த் இதைத் தன் சொந்தக் காரியமாக எடுத்துச் செய்தார். வேதியியல் பேராசிரியர் மங்களசுந்தர் கிருஷ்ணன் வெப் கோர்ஸ்களை ஒருங்கிணைத்தார். ஆம், அப்போது இரண்டு வகை இருந்தது: எழுத்தும் படமுமாக இருந்தது வெப் கோர்ஸ், பேராசிரியர் பலகை முன் நின்று நடத்துவது வீடியோ கோர்ஸ். சில ஆண்டுகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பாடங்கள் தயாராகின. வீடியோக்களை ஏகலைவ்யா தொலைக்காட்சி அலைவரிசையில் ஒளிபரப்பினார்கள், பின்னர் யூடியூபில் ஏற்றினார்கள்.

எல்லாம் சரி, ஊரில் லைன் எங்கே? அதற்கு அவர்கள் கண்ட வழி நேர்மையானது. கல்லூரி தன் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால் பாடங்களை அதில் ஏற்றித் தருவார்கள். கொண்டுவந்து கல்லூரி லேபில் உள்ள சர்வரில் போட்டுவிட்டால், வெளியே இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே எல்லாக் கணினியிலும் பாடம் ஓடும். சென்னைக்கும் பெரம்பலூருக்கும் இடையில் சுமார் 270 கிலோமீட்டர். ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரக்கூடிய ஒரு பெட்டிக்குள் ஐஐடியின் வகுப்பறைகள் அடங்கிவிட்டன. மோடத்தில் அதே அளவு பாடத்தை இறக்க மாதங்கள் பிடித்திருக்கும்.

அப்படிப் பாடம் ஓடிய லேப்களில் நடந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தனித்தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரும் உட்காரவில்லை. ஒரே திரை, முப்பது நாற்பது பேர். ஆங்கிலத்தில் ஓடும் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, கூட இருக்கும் ஆசிரியர் தமிழில் விளக்குவார். "சார், திரும்பப் போடுங்க சார்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அந்த இளம் ஆசிரியருக்கும் அதுதான் பயிற்சி. அவரும் மாணவர்களோடு சேர்ந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் இதையே திட்டமிட்டுச் செய்தது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் முயற்சி அது. ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிடம். திரையில் ஒரு மென்பொருளை இயக்கிக் காட்டுவார்கள். மாணவர் பக்கத்திலேயே அந்த மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, அதையே செய்து பார்க்க வேண்டும். இணையம் இல்லாமலும் ஓடும்படி அமைத்தார்கள். குரலைத் தமிழிலும் பதிவு செய்தார்கள். திரையில் மெனுக்கள் ஆங்கிலத்தில் இருக்க, எங்கே சொடுக்க வேண்டும் என்று காதில் தமிழ் சொல்லும். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, குரும்பலூரிலோ அரியலூரிலோ கலைக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கு லினக்ஸையும் லிப்ரே ஆபீஸையும் இதைவிட மரியாதையாக யாரும் அறிமுகம் செய்துவிட முடியாது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2011-இல் அரசின் விலையில்லா மடிக்கணினி. 2016 செப்டம்பரில் ஜியோ. 2018-இல் பள்ளிப் பாடநூல்களில் கியூஆர் குறி. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. என்பிடெல் 2014-இலிருந்து தேர்வு வைத்துச் சான்றிதழ் தரத் தொடங்கியது. 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. பட்டப்படிப்பின் மதிப்பெண் அலகுகளில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் பாடங்கள் மூலம் பெறலாம் என்று 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. 2021-இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. சென்னை ஐஐடியே 2020-இல் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை இணையத்தில் திறந்தது. ஒரு காலத்தில் ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருந்த ஊரில், இன்று செந்துறைப் பக்கத்துக் குடிசை வீட்டிலிருந்தும் ஐஐடி மாணவராகலாம்.

இந்த இரண்டு மாவட்டங்களில் பயிற்சி என்ற சொல்லைச் சொன்னால் குழுமூர் அனிதாவை நினைக்காமல் இருக்க முடியாது. அரியலூர் மாவட்டத்துச் சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். நீட் தேர்வின்படி சேர்க்கை என்றானபோது மருத்துவ இடம் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் முறையிட்டார். 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். பாடநூலை முழுக்கப் படித்த பிள்ளைக்கும் அந்தத் தேர்வுக்கென்றே தனியாகப் பயிற்சி வேண்டியிருந்தது. அது இருந்த இடம் நகரம், விலை லட்சங்களில். அதற்குப் பின் அரசு இலவசப் பயிற்சி மையங்களைத் திறந்தது. கொரோனா காலத்தில் அந்தப் பயிற்சி இணையத்துக்கு மாறியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2022-இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இணையத்தில் நீட் பாடம் இன்று கொட்டிக் கிடக்கிறது. அது அனிதாவின் காலத்திலும் ஓரளவு கிடந்தது என்பதை மறந்துவிட்டு, வீடியோ வந்துவிட்டதால் வழி பிறந்துவிட்டது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாள்தோறும் எத்தனை மணி நேரம், எந்த அறையில், யாரிடம் சந்தேகம் கேட்டு அதைப் படிப்பது என்ற கேள்விக்கு வீடியோவில் பதில் கிடையாது.

கொரோனா அந்தக் கேள்வியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வைத்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு. டவர் கிடைக்கிற வரப்பைத் தேடி நடந்த பிள்ளைகளைப் பார்க்காத கிராமம் குறைவு. அப்போது அரசு செய்த ஒரு காரியம் பலருக்கு நினைவில் இருக்காது. 2020 ஜூலையில் பிளஸ் டூ மாணவர்களைத் தங்கள் மடிக்கணினியோடு பள்ளிக்கு வரச்சொல்லி, ஹைடெக் லேபிலிருந்து பாட வீடியோக்களை அதில் நேரடியாக ஏற்றிக் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ஹார்ட் டிஸ்க் வழிதான். இணையம் வேண்டாம், டேட்டா வேண்டாம், பாடம் கையில் இருக்கும். அடுத்த ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு மாதத்துக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அரசு அறிவித்தது. 9.69 லட்சம் பேருக்கு. அந்த 2 ஜிபியில் முன்பு சொன்ன ஒரு மணி நேர வகுப்பு பத்தை இறக்கலாம். பாடத்துக்கான வழி அகலமாகிவிட்டது. அதே வழியில் எல்லாமே வந்தது. பாடம் அதில் ஒன்று.

பள்ளி, கல்லூரி மட்டும் பேசினால் இந்த மாவட்டங்களின் பாதிக் கதை விட்டுப்போகும். பெரம்பலூர் மக்காச்சோளத்தின் ஊர். 2018-இல் படைப்புழு வந்தது. இந்தியாவில் அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் புழு, சில மாதங்களில் நம் காடுகளுக்கும் வந்துவிட்டது. குருத்துக்குள் புகுந்து தின்னும். வெளியிலிருந்து மருந்து தெளித்தால் உள்ளே சேராது. எந்தப் புழு என்று அடையாளம் தெரியாமல் ஆளாளுக்கு ஒரு மருந்தை அடித்துப் பணத்தை இழந்தார்கள். அந்தப் பருவத்தில் விவசாயிகளுக்குப் போனிலேயே பயிற்சி கிடைத்தது. தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நாலு புள்ளி: இதை எழுதிச் சொன்னால் மனத்தில் நிற்காது, புழுவை உள்ளங்கையில் வைத்துக் காட்டும் வீடியோவில் ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். இனக்கவர்ச்சிப் பொறி எந்த உயரத்தில் கட்டுவது, வரப்போரம் தட்டைப்பயறும் சூரியகாந்தியும் எதற்கு, மருந்தைக் குருத்துக்குள் விழும்படி எப்படித் தெளிப்பது என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் வயலில் இறங்கிச் செய்துகாட்டின. வீடியோவில் பார்த்ததை வயலில் ஒருவர் கூட நின்று சரிபார்த்த இடத்தில் பயிர் தப்பித்தது. பார்த்ததோடு நின்ற இடத்தில், கடைக்காரர் கொடுத்த மருந்தே அடித்தார்கள்.

லேபிலும் வயலிலும் நான் கண்டது ஒன்றே. அன்று லைன் இல்லாததால் பாடத்தைச் சேமித்து வைத்தோம், கூட்டாக உட்கார்ந்து பார்த்தோம், நடுவில் நிறுத்தி விளக்க ஒருவரை வைத்தோம். பற்றாக்குறை நமக்குக் கற்றுக்கொடுத்த முறைகள் இவை. லைன் வந்ததும், இவையெல்லாம் பழைய காலத்துச் சிரமம் என்று நினைத்துக் கைவிட்டுவிட்டோம். இணையத்தில் இலவசமாகத் திறக்கப்படும் பெரிய பாடங்களில் சேர்கிறவர்களில் மிகச் சிறு பங்கினரே முடிக்கிறார்கள் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. அமெரிக்காவிலேயே அப்படியென்றால், மாடு கட்டும் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படிக்கும் பிள்ளை பாதியில் விடுவதற்கு அதன் சோம்பல் காரணமாகாது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, இழந்த கற்றலை மீட்கத் திரையை நம்பவில்லை. தெருவில் ஒரு தன்னார்வலரை உட்காரவைத்தது. 2022 மார்ச்சில் வந்த நான் முதல்வன் திட்டத்திலும், கல்லூரி ஆசிரியர் கூடவே இருந்து நடத்தும் பாடங்களில்தான் மாணவர்கள் உண்மையில் எதையாவது செய்து பழகுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாகச் சொடுக்கிச் சொடுக்கிச் சான்றிதழ் வாங்கும் பாடங்கள் அந்தப் பயனைத் தருவதில்லை.

என்பிடெல் தேர்வு முறையைப் பாருங்கள். பன்னிரண்டு வாரப் பாடம், வாராவாரம் ஒரு பயிற்சி. அதில் சிறந்த எட்டுக்கு 25 மதிப்பெண், மீதி 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரம்பலூர் புதிய பஸ் நிலையத்தில் திருச்சி வண்டிக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவதில்லை, சந்தோஷம்தான். பன்னிரண்டு வாரம் தனியாகத் திரையோடு போராடியவர்கள் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் சந்திக்கிறார்கள். "நீ எந்த கோர்ஸ்டா?" என்று பேச்சு தொடங்குகிறது. அந்தச் சந்திப்பு முதல் வாரத்திலேயே உள்ளூரில் நடந்திருந்தால், சேர்ந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் அந்தப் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்!

அதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடம் வந்தது. குன்னம், ஆலத்தூர், திருமானூர், ஆண்டிமடம் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சின்னக் கட்டடத்தைப் பார்க்கலாம். பல ஊர்களில் பூட்டித்தான் கிடக்கிறது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுபோகும் வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்திருக்கிறது. கேபிள் வருகிற கட்டடமும் பூட்டிய நூலகமும் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. மாலை ஆறிலிருந்து எட்டுவரை திறந்து வைக்க, ஊரிலேயே பட்டம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சிறு ஊதியம். ஒரு பெரிய திரை. வாரப் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க், மழைநாளில் லைன் போனாலும் பாடம் நிற்காதபடி. பொம்பளைப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமென்றால் நேரத்தை நாலிலிருந்து ஆறு என்று மாற்றிக்கொள்ளலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர், என்பிடெல் எழுதுகிறவர், பத்தாம் வகுப்புக் கணக்கு புரியாதவர், மக்காச்சோளம் போடுகிறவர் என்று எல்லாருக்கும் அந்த ஒரே அறை போதும்.

என்பிடெல் பாடங்கள் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத் தீர்மானம் போட்டுவிட்டால், வரும் பருவத்துக்கே ஆள் சேர்க்கலாம்.